மெடிகேரில் பெட் ஸ்கேன்: நுரையீரல் புற்றுநோய்க்கு எத்தனை முறை, எதற்காக?

அமெரிக்காவில் இருக்கும் 65 வயது தாண்டிய அப்பாவுக்கு நுரையீரலில் சின்னதாக ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா? மூச்சுக்குழாயை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருக்கிறதா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் கணுவின் அளவைக் காட்டும். பெட் ஸ்கேன், ஊசி வழியாக உடலில் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரையை அந்தக் கணு எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். புற்றுநோய்ச் செல்கள் பொதுவாக அதிகம் இழுக்கும்.

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், இந்த ஸ்கேனுக்கு 1998 ஜனவரியிலிருந்தே பணம் தருகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2013 ஜூன் 11-இல் திருத்திய விதி. அதன்படி, சிகிச்சையைத் திட்டமிட ஒரு ஸ்கேன் உண்டு. பயாப்ஸி (சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற பரிசோதனைகளை வைத்து டாக்டருக்குப் பலமான சந்தேகம் இருந்தாலே போதும். ஆனால் காரணம் வேண்டும்: ஆபரேஷன் போன்றவற்றுக்கு இவர் ஏற்றவரா, பயாப்ஸி ஊசியை எங்கே செலுத்துவது, நோய் எதுவரை போயிருக்கிறது என்பதில் ஒன்றையாவது முடிவு செய்ய அது தேவைப்பட வேண்டும். டாக்டரின் குறிப்பில் இந்தக் காரணம் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே ‘பெட் ஸ்கேன்’ என்று எழுதிய சீட்டு பின்னால் தலைவலி.

முதல் சிகிச்சை முடிந்த பிறகு, அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க மூன்று ஸ்கேன்கள். நான்காவது வேண்டுமென்றால், அந்தப் பகுதியில் மெடிகேர் பில்களைப் பார்க்கும் நிறுவனத்தின் முடிவு. அறிகுறி எதுவும் இல்லாமல் ‘சும்மா பார்த்துவிடலாம்’ என்றால் கிடையாது.

வெளிநோயாளியாக எடுத்தால் இது மெடிகேரின் பார்ட் பி-யில் (டாக்டர், வெளிநோயாளிச் செலவுகளுக்கான பகுதி) வரும். ஆண்டுதோறும் முதலில் நாமே கட்ட வேண்டிய தொகையை (டிடக்டிபிள்) கட்டியபின், மெடிகேர் ஏற்கும் தொகையில் 20 சதவீதம் பொதுவாக நம் பங்கு. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முன் அனுமதி வேண்டும். பிள்ளைகளிடம் வந்து தங்கியிருக்கும் பெற்றோர், கிரீன் கார்டுடன் தொடர்ந்து 5 ஆண்டு வசித்திருந்தால் பிரீமியம் கட்டிச் சேரலாம். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இல்லை.

ஸ்கேன் அன்று சில மணி நேரம் வெறும் வயிறு. அந்தச் சர்க்கரை ஊசியைப் போட்டபின் ஒரு மணி நேரம் போல அசையாமல் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் வேலை செய்யும் தசையும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், ரத்தச் சர்க்கரை அளவு எகிறியிருந்தால் வேறு நாள் வரச் சொல்லலாம்.

அப்புறம், ரிப்போர்ட்டில் கணு பளிச்சென்று தெரிந்ததுமே மனம் உடைய வேண்டாம். காசநோய், சார்காய்டோசிஸ் (நுரையீரலையும் கணுக்களையும் தாக்கும் ஒரு அழற்சி நோய்), சாதாரண அழற்சிகூட அப்படித் தெரியும். அதே சமயம், மிகச் சிறிய பரவல் ஸ்கேனில் சிக்காமலும் போகலாம். அதனால் அந்த ஒளியை மட்டும் நம்பி ஆபரேஷன் வேண்டாம் என்றால், மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டுக் கணுவைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். விதியில் ‘ஊசியை எங்கே செலுத்துவது’ என்ற காரணமும் இடம்பெற்றிருக்கிறது.

பணம் தர மறுத்துக் கடிதம் வந்தால், அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில் அது கையில் கிடைத்த நாளிலிருந்து 120 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். டாக்டரின் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.