வெள்ளாற்று வயலிலிருந்து வடதுருவத் தாய்ப்பால் வரை

சிதம்பரம் பக்கத்தில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தம் வகுப்பில் எழுந்த கேள்வி ஒன்றை எனக்கு எழுதி அனுப்பியிருந்தார். வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுவிட் தாய்மார்களின் பாலில் பூச்சிமருந்தும் டிரான்ஸ்பார்மர் எண்ணெயும் காணப்பட்டதாக அவர் சொன்னபோது, மாணவி ஒருத்தி எழுந்து, "அங்கே வயலே கிடையாதே டீச்சர், அப்புறம் மருந்து எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டாளாம். அந்த மாணவி கேட்டதைத்தான் 1980களில் கனடா நாட்டு மருத்துவர்களும் கேட்டுத் திகைத்தார்கள்.

கியூபெக் மாகாணத்தின் வடகோடியில், 55ஆவது அட்சக்கோட்டுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் நிலம் நுனாவிக். கடலோரமாக 14 ஊர்கள் உண்டு. ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் சாலை கிடையாது. இன்று அங்கே வாழும் ஏறத்தாழ 14,000 பேரில் பெரும்பான்மையினர் இனுவிட் மக்கள். லாவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் எரிக் டெவாயி, கியூபெக்கின் தென்பகுதித் தாய்மார்களின் பாலில் பி.சி.பி. எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். பி.சி.பி. என்பது மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் தீப்பிடிக்காத காப்பு எண்ணெயாகப் பயன்பட்ட குளோரின் சேர்மங்களின் குடும்பம். ஒப்பிட்டுப் பார்க்க மாசு படாத ஓர் இடம் தேவைப்பட்டதால் நுனாவிக்கிலிருந்து பால் மாதிரிகள் வந்தன. 1989இல் வெளியான முடிவின்படி, தூய்மைக்கு அளவுகோலாக வைக்கப்பட்ட அந்தப் பாலில் தெற்கிலிருந்ததைப் போல ஏறத்தாழ 5 மடங்கு பி.சி.பி. இருந்தது.

அது அங்கே போய்ச் சேர்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள, நம் வீட்டுப் பீரோவில் துணிகளுக்கு இடையே போட்டு வைக்கும் பாச்சை உருண்டையே போதும். வெள்ளை வெளேரென்று கல்லைப் போலக் கிடக்கும் அந்த உருண்டை, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மிளகளவாகச் சுருங்கியிருக்கும். உருகவில்லை, கரையவில்லை, யாரும் எடுக்கவுமில்லை. மூலக்கூறு மூலக்கூறாகக் காற்றில் ஏறிப் போயிருக்கிறது. போன மூலக்கூறுகளில் ஒரு பகுதி பட்டுப்புடவையின் இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் புடவையை எடுத்தவுடன் அந்த நெடி மூக்கில் ஏறுகிறது. புடவையை வெயிலில் விரித்துப் போட்டால் ஒட்டியிருந்தவை மறுபடியும் கிளம்பிவிடுகின்றன. ஓரிடத்தில் ஏறுவது, இன்னோரிடத்தில் ஒட்டுவது, சூடு பட்டதும் திரும்பக் கிளம்புவது: இந்த மூன்று செயல்கள்தான் பி.சி.பி.யையும் பூச்சிக்கொல்லிகளையும் துருவம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

தண்ணீரைப் போல எளிதில் ஆவியாகும் பொருளும் அல்ல, உப்பைப் போல ஆவியாகவே மறுக்கும் பொருளும் அல்ல. இரண்டுக்கும் நடுவே, வெப்பநிலை சொன்னபடி கேட்கும் பொருள்கள் இவை. இத்தகைய பொருளின் ஆவியழுத்தம், அதாவது ஆவியாகக் கிளம்பும் வலு, வெப்பநிலை 10 டிகிரி குறையும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நம் ஊரின் 30 டிகிரியிலிருந்து துருவத்தின் பூச்சியத்துக்குக் கீழ் 20 டிகிரிக்கு வந்தால் அப்படி ஐந்து படிகள் இறங்கியாக வேண்டும். அதற்குள் ஆவியழுத்தம் சில நூற்றில் ஒரு பங்காகிவிடும். வெப்ப நாட்டில் மண்ணிலிருந்து எழும் மூலக்கூறு காற்றோடு நகர்ந்து, குளிர்ந்த இடம் வந்ததும் ஓர் இலையிலோ மண்ணிலோ கடல்நீரிலோ படிகிறது. அங்கே கோடை வந்ததும் எழுந்து இன்னும் கொஞ்சம் நகர்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படித் தாவித் தாவிப் போவதை அறிவியலாளர்கள் வெட்டுக்கிளி விளைவு என்கிறார்கள். தெற்கு நோக்கியும் தாவல்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் வெயிலில் படிந்த மூலக்கூறு மறுபடி எழுந்துவிடும், பனியில் படிந்ததற்கோ எழுந்து கிளம்பச் சூடு போதாது. அதனால் மொத்தக் கணக்கில் சரக்கு குளிர்ந்த பக்கமே சேருகிறது.

இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது, பூமி இந்தச் சரக்கைத் தரம் பிரித்தும் வைக்கிறது என்பதுதான். கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நெடிய கோபுரத்தில் கனமான பகுதிகள் அடியிலும் இலேசானவை உச்சியிலும் பிரிந்து நிற்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கோபுரத்தைப் பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை தரையில் கிடத்தியதாகக் கற்பனை செய்யுங்கள். குளோரின் அணுக்கள் மிகுந்த கனமான பி.சி.பி. மூலக்கூறுகள் பிறந்த இடத்துக்கு அருகிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகின்றன, இலேசானவை மேலும் போகின்றன, எச்.சி.எச். போன்ற பூச்சிக்கொல்லிகள் துருவக் கடல் வரை சென்று, குளிர்ந்த நீரில் கரைந்து தங்குகின்றன. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் வானியாவும் டொனால்ட் மக்கேயும் இந்தக் கருத்தை 1993இல் தெளிவாக முன்வைத்தார்கள்.

கேள்வி கேட்ட மாணவிக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் செய்தி, அவளுடைய பள்ளிக்குப் பக்கத்தில் ஓடும் வெள்ளாற்றைப் பற்றியது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, வெள்ளாற்றுப் படுகை நெல்வயலில் இடப்பட்ட எச்.சி.எச். எங்கே போகிறது என்று கணக்கெடுத்தார்கள். அதில் 99 விழுக்காட்டுக்கும் மேல் காற்றில் ஏறிவிடுவதாகவும், மிகச் சிறிய பங்கே நீரோடு கழிமுகத்துக்குப் போவதாகவும் 1991இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. நம் உழவர்கள் பி.எச்.சி. பொடி என்று அழைத்தது அதைத்தான். என் தாத்தா விடியற்காலையில், பயிரில் பனி ஈரம் காய்வதற்குள், அந்தப் பொடியை மெல்லிய துணிப்பையில் கட்டிக் கோலில் தொங்கவிட்டு, தட்டித் தட்டித் தூவிக்கொண்டு வரப்போரம் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஈரத்தில் பொடி இலையில் ஒட்டும் என்பது அவர் கணக்கு. வெயில் ஏறிய பிறகு இலையிலிருந்து கிளம்பிப்போனதை அவர் கண்டிருக்க வழியில்லை. 1997இல் இந்தியா அதைத் தடை செய்தது.

இனி உணவுச் சங்கிலி. அதன் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததே. பாசி, நுண்ணிறால், துருவக் காட் மீன், அந்த மீனைத் தின்னும் கடல்நாயும் பெலுகா என்னும் வெண்திமிங்கிலமும் என்று ஒவ்வொரு படியிலும் கொழுப்பில் நஞ்சு செறிந்துகொண்டே போகிறது. கல்லீரலின் நொதிகள் பி.சி.பி.யின் கார்பன் வளையத்தைச் சிதைக்க வேண்டுமானால், குளோரின் ஒட்டாத இரண்டு கார்பன்கள் அருகருகே இருக்க வேண்டும்; அந்த இடங்களைக் குளோரின் அடைத்துக்கொண்ட வகைகளை உடல் எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஆண் பெலுகாவின் கொழுப்பில் அவை ஆயுள் முழுதும் சேர, பெண் பெலுகா தன் சுமையில் ஒரு பகுதியைப் பால் வழியே கன்றுக்கு இறக்கிவிடுகிறது. மனிதத் தாய்க்கும் அதே நிலைதான்.

இவ்வளவு தெரிந்த பிறகு, "பெலுகாவைச் சாப்பிடாதீர்கள்" என்று ஓர் அறிக்கை விட்டால் வேலை முடிந்துவிடும் என்று தெற்கில் இருப்பவருக்குத் தோன்றலாம். நுனாவிக்கின் கடைகளில் உள்ள உணவு விமானத்திலும் கப்பலிலும் வந்து இறங்குவது. விலை மிக அதிகம். அதில் கணிசமான பகுதி மாவும் சர்க்கரையும். வேட்டையில் கிடைக்கும் உணவிலோ புரதம், இரும்பு, செலினியம், ஒமேகா-3 கொழுப்பு எல்லாம் நிறைந்திருக்கின்றன. அதைவிட, வேட்டையாடியவர் ஊருக்குப் பகிர்ந்து கொடுப்பதும், தரையில் அட்டை விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஊலு என்னும் பிறைவடிவக் கத்தியால் அரிந்து உண்பதுமே அங்கே உறவு. எந்த மீனில், எந்த உறுப்பில், எந்தப் பருவத்தில், யார் எவ்வளவு உண்கிறார் என்ற விவரம் ஆய்வகத்தில் இல்லை, உண்பவரிடம்தான் இருக்கிறது. ஆகவே நுனாவிக்கின் சுகாதார வாரியம், உள்ளூர் பிரதிநிதிகள், தெற்கின் ஆய்வாளர்கள் ஆகியோர் ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் குழுவில் ஒன்றாக அமர்ந்து, எதை ஆராய்வது, கிடைத்த முடிவை எப்படி மக்களிடம் சொல்வது என்று முடிவு செய்யத் தொடங்கினார்கள்.

அந்த முறையின் பலன், அதே உணவுச் சங்கிலியில் ஏறிவரும் இன்னொரு நஞ்சான பாதரசத்தின் விஷயத்தில் தெரிந்தது. 1990களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து, அவர்களை ஏறத்தாழ 11 வயது வரை பின்தொடர்ந்த ஆய்வில், கருவிலேயே மெத்தில் பாதரசம் என்னும் பாதரச வடிவம் கூடுதலாகச் சேர்ந்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். அதே ஆய்வில், கருவில் ஒமேகா-3 கொழுப்பு நிறையப் பெற்ற குழந்தைகளின் நினைவாற்றல் சிறந்திருந்தது. நஞ்சும் மருந்தும் ஒரே கடலிலிருந்து ஒரே தட்டுக்கு வந்திருந்தன. 2011இல் சுகாதார வாரியம் வெளியிட்ட அறிவுரை இதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது: பாதரசம் கொழுப்பில் சேராமல் தசைப் புரதத்தில் ஒட்டுவதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் பெலுகாவின் இறைச்சியை, குறிப்பாக நிக்கு எனப்படும் உலர்ந்த இறைச்சியைக் குறைத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் தம் உணவைத் தொடரட்டும், ஒமேகா-3 நிறைந்து பாதரசம் குறைந்த ஆர்க்டிக் சார் மீனை எல்லோரும் உண்ணட்டும். கருவுற்ற பெண்களுக்கு அந்த மீனை வழங்கும் திட்டமும் தொடங்கியது.

பெலுகாவின் தோலும் அதை ஒட்டிய கொழுப்பும் சேர்ந்த மத்தாக் என்னும் உணவு அங்கே பெரும் விருப்பத்துக்குரியது, பச்சையாகவே உண்பார்கள். அதில் செலினோநீன் என்ற செலினியச் சேர்மம் மிக அதிக அளவில் இருப்பதை மெலானி லெமீர், பியர் அயோட் ஆகியோரின் ஆய்வுக்குழு 2019இல் காட்டியது. மத்தாக் உண்பவர்களின் இரத்தச் சிவப்பணுக்களிலும், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகவும், அது காணப்பட்டது. மெத்தில் பாதரசத்தின் தீங்கிலிருந்து செல்களைக் காக்க அது உதவக்கூடும் என்பது ஆய்வு நடந்துவரும் கருதுகோள். "பெலுகா வேண்டாம்" என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் இந்தச் சேர்மமும் தட்டிலிருந்து போயிருக்கும்.

எல்லா நஞ்சும் தொலைவிலிருந்தே வருவதும் இல்லை. இரத்தத்தில் ஈயம் அதிகமாயிருந்தபோது ஈயத்தின் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட அணு வகை) விகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், பறவை வேட்டைக்கான ஈய ரவைகளே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. 1999 வாக்கில், வேட்டைக்காரர்களின் துணையோடு ஈய ரவைகளை விலக்கும் முயற்சி தொடங்கியபின், பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஈயம் விரைவாகக் குறைந்தது.

2004இல் கனடா கடலோரக் காவல்படையின் ஆமுண்ட்சென் கப்பல் மருத்துவக் கருவிகளோடு 14 ஊர்களுக்கும் சென்று மக்களைப் பரிசோதித்தது. அந்த ஆய்வின் பெயர் கனுயிப்பித்தா, இனுவிட் மொழியில் "நாம் எப்படி இருக்கிறோம்?" என்று பொருள். 2017இல் அதே கப்பல் "இப்போது நாம் எப்படி இருக்கிறோம்?" என்னும் பொருள்படும் பெயரோடு மறுபடி வந்து, 1,300க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தது. இம்முறை, நலம் என்றால் என்ன என்பதையே ஊராரிடம் கேட்டார்கள். கிடைத்தவை மூன்று சொற்கள்: இலுசிர்சுசியார்னிக் என்பது உடல் அதன் இயல்பில் செவ்வனே இருத்தல்; கனுயிங்ஙிசியார்னிக் என்பது மனக்கலக்கமில்லாத அமைதி; இனூகத்திகீட்சியானிக் என்பது சுற்றத்தோடு நல்லபடி கூடிவாழ்தல். இரத்தக் கொதிப்பின் அளவைப் போலவே வேட்டைக்குப் போகும் வாய்ப்பும், உணவைப் பகிரும் வழக்கமும், வீட்டு நெரிசலும் உடல்நலக் கணக்கில் சேர்ந்தன. சேமித்த இரத்தத்தையும் தரவையும் பயன்படுத்த விரும்பும் எவரும், நுனாவிக் அமைப்புகள் இடம்பெற்ற தரவுக் குழுவிடம் அனுமதி பெற வேண்டும்.

இதற்குக் காலம் பிடிக்கும், பணமும் பிடிக்கும். ஊரில் உட்கார்ந்து பேசுவதற்காக ஓர் ஆண்டு வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதினால், நிதி தருபவர்கள் அதை வீண்செலவாகப் பார்க்கிறார்கள். என் கருத்தில் அந்த ஓர் ஆண்டுதான் ஆய்வின் அடித்தளம். மாதிரிக் குப்பிக்குப் பணம் ஒதுக்குவது போலவே அதற்கும் ஒதுக்க வேண்டும். நம் நாட்டின் மலைவாழ் மக்களிடம் இரத்தம் எடுத்துச் சென்ற ஆய்வுகளில், முடிவை அவர்கள் மொழியில் திரும்பிச் சொன்னவை எத்தனை என்று நம் நிதி நிறுவனங்கள் கேட்கத் தொடங்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

1999இல் நைரோபியில் நச்சு வேதிப்பொருள் ஒப்பந்தத்துக்கான பேச்சு நடந்தபோது, நுனாவிக்கின் கூஜுவாக் ஊரைச் சேர்ந்த ஷீலா வாட்-குளூத்தியே, தாயும் சேயுமான இனுவிட் சிற்பம் ஒன்றை ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர் கிளாஸ் டாப்ஃபரிடம் கொடுத்தார். பிந்தைய பேச்சுகளின்போது அந்தச் சிற்பம் அவையில் வைக்கப்பட்டிருந்தது. 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பி.சி.பி., டி.டி.டி. உள்ளிட்ட 12 பொருள்களோடு தொடங்கியது. துருவப் பகுதிப் பழங்குடி மக்களின் உணவு மாசுபடுவதை அதன் முகவுரை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. நுனாவிக்கின் கருவுற்ற பெண்களுடைய இரத்தத்தில் பி.சி.பி. அன்றிலிருந்து பெரிதும் குறைந்திருக்கிறது.

இதற்கிடையே வேறொரு கூட்டம் ஏறத் தொடங்கியது: கறை ஒட்டாத துணிகளிலும் எண்ணெய் இறங்காத உணவுத் தாள்களிலும் பயன்படும் ஃபுளூரின் சேர்மங்கள். இவற்றின் நீள்சங்கிலி அமிலங்கள் பாச்சை உருண்டையைப் போலத் தாவுவதில்லை. ஆவியாகும் இயல்புடைய ஃபுளூரோ ஆல்கஹாலாகக் காற்றில் கிளம்பி, வழியில் ஆக்சிஜனேற்றமடைந்து, துருவத்தில் அழியாத அமிலமாக இறங்குகின்றன. இன்னொரு பங்கு கடல் நீரோட்டத்தோடு வருகிறது. கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் அவற்றுள் சில 2010களில் கூடிவருவதை நுனாவிக் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். 2025இல் அந்த நீள்சங்கிலி அமிலங்களும் ஸ்டாக்ஹோம் பட்டியலில் ஏறின. நம் வயல்களில் இன்றும் தெளிக்கப்படும் குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி, சில விலக்குகளோடு, அதே மாநாட்டில் அதே பட்டியலுக்குள் வந்தது.