சுரைக்காய் முதல் மிடறு வரை: இசைக்கருவிகளை இனம் பிரித்த விதங்கள்

சீனத்தில் ஷெங் என்றொரு ஊதுகருவி உண்டு. அதில் மூங்கில் குழல்கள் வட்டமாகச் செருகப்பட்டிருக்கும். குழல்களின் அடியில் மெல்லிய உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலி எழுப்பும். ஆயினும் பழைய சீனப் பகுப்பில் அது மூங்கில் இனமும் அன்று, உலோக இனமும் அன்று, சுரைக்காய் இனம். குழல்களைத் தாங்கும் காற்றறையை முற்காலத்தில் சுரைக்குடுக்கையால் செய்தார்கள் என்பதே காரணம்.

'பாயின்' எனப்படும் அந்தப் பகுப்பு, உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரை, மண், தோல், மரம் என எட்டுப் பொருள்களை அடிப்படையாகக் கொண்டது. இவற்றைத் திசைகளோடும் பருவங்களோடும் இணைத்துப் பார்த்த மரபுக்கு, ஒலி எந்தப் பொருளிலிருந்து பிறக்கிறது என்பதே முதன்மையான கேள்வி. பட்டு நரம்பு பூட்டிய சின் யாழுக்கு இன்று எஃகுக் கம்பி பூட்டினாலும் அது 'பட்டு' இனத்திலேயே நிற்கிறது.

இந்தியாவின் நாட்டிய சாத்திரம் வேறு கேள்வியை எழுப்பியது. நரம்பு கட்டியது ததம், தோல் போர்த்தது அவநத்தம், கெட்டியானது கனம், துளையுள்ளது சுஷிரம் என நான்கே வகைகளை வகுத்தது. 1876-இல் வங்காளத்தின் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய மன்னருக்கு ஏறத்தாழ நூறு இந்தியக் கருவிகளை அனுப்பினார். அவற்றையும் உள்ளடக்கிய பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்துக்கு 1880-இல் பட்டியல் வெளியிடத் தொடங்கிய விக்டர் மஹிலான், இந்நான்கு வகைகளை ஒத்த பகுப்பையே கையாண்டார். மத்தளத்தையும் தாளத்தையும் 'தட்டுவன' என்று ஒன்றாகக் கட்டிவைத்திருந்த ஐரோப்பிய வழக்கத்தைவிட இது எத்தனையோ மடங்கு தெளிவானது.

1914-இல் இசை ஆய்வாளர்களான ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் மஹிலானின் பகுப்பை விரிவாக்கி, அதிர்வது எது என்ற ஒரே கேள்வியில் உலகக் கருவிகளை அடக்கி, ஒவ்வொன்றுக்கும் நூலக எண் போன்ற எண்ணைக் கொடுத்தார்கள். நம் நாகசுரம் அதில் 422.112: இரட்டைச் சீவாளியும் கூம்பு வடிவக் குழலும் உடையது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

தமிழ் மரபின் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்ற பகுப்பு அந்த ஒழுங்குக்குள் முழுதும் அடங்காது. தோலும் நரம்பும் கஞ்சமும் பொருள்கள், துளை வடிவம், மிடறோ பாடுபவரின் தொண்டை. கஞ்சம் வெண்கலமாதலால், மண்ணாலான கடத்தை எங்கே வைப்பது என்ற சிக்கலும் எழுகிறது. சீனத்தில் அது மண் இனத்தில், சுட்ட மண் ஊதுகுழலான ஷுன்னுக்கு அருகே இருந்திருக்கும். ஆனால் ஹார்ன்போஸ்டல்–சாக்ஸ் எண்களில் இடமே பெறாத மனிதக் குரலை, தமிழ் மரபு கருவிகளின் வரிசையிலேயே அமர்த்தியிருக்கிறது.