'பையன் நல்லவன்தானே?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு குடும்பநல வழக்கறிஞர் எழுதுவது

2023-இல் ஏஆர்ஒய் டிஜிட்டலில் வந்த 'மாயி ரி' என்ற பாகிஸ்தான் தொடரைப் பார்த்தவர்கள் நம் ஊரிலும் நிறைய. 2025-இல் பாகிஸ்தான் சானல்களுக்கு இங்கே தடை வரும்வரை யூடியூபில் ஓடிக்கொண்டிருந்தது, உருது தெரியாதவர்கள்கூட சப்டைட்டிலை வைத்துச் சமாளித்தார்கள். ஆனிக்கு 15 வயது, நன்றாகப் படிக்கிற பெண். வீட்டுப் பெரியவர்களின் பிடிவாதத்தால் உறவுக்காரப் பையன் ஃபாகிருக்குக் கட்டிவைக்கிறார்கள். அவனும் பதின்வயதுக்காரன்தான். அப்புறம் கர்ப்பம், படிப்புக்கு இடைஞ்சல், வீட்டில் தினமும் ஒரு போராட்டம், முடிவில் இருவரும் பிரிகிறார்கள்.

இதற்கு வந்த எதிர்வினை இரண்டு தினுசு. குழந்தைத் திருமணத்தைக் கண்டிக்கிறேன் என்று தொடங்கிவிட்டு நடுவில் இரண்டு பிள்ளைகளையும் காதல் ஜோடியாக்கி ரசிக்கவைக்கிறார்களே என்று கோபப்பட்டவர்கள் ஒரு பக்கம், அந்தக் கோபம் நியாயமானது. இன்னொரு பக்கம் முடிவைப் பார்த்து நொந்துபோனவர்கள். 'இப்போதுதான் ஒருத்தரை ஒருத்தர் புரிந்துகொண்டார்கள், அதற்குள் ஏன் பிரிக்க வேண்டும், பையன் நல்லவன்தானே?' என்கிறார்கள். இந்தக் கேள்வியை என் அலுவலகத்தில், பெண்ணைப் பெற்றவர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், சொந்தத்துப் பையன், இவளுக்கு இன்னும் என்னம்மா வேண்டும் என்பார்கள்.

இதோடு 2014-இல் அஃபியா நத்தானியேல் இயக்கிய 'துக்தர்' படத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு பழங்குடிக் குழுக்களின் பகையைத் தீர்க்க 10 வயது ஜைனப்பை ஒரு கிழட்டுத் தலைவனுக்குக் கொடுக்க முடிவாகிறது, அவளுடைய தாய் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுகிறாள். வழியில் உதவுகிற லாரி டிரைவருக்கும் அந்தத் தாய்க்கும் இடையில் ஒரு நெருக்கம் தேவையா என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் மாப்பிள்ளை பாவம், இருந்து வாழ்ந்து பார்த்திருக்கலாம் என்று யார் சொல்வார்கள்? மாப்பிள்ளை கிழவனாக இருந்தால் நமக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அவன் அழகாக, சிரித்த முகமாக, அவளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவனாக இருந்துவிட்டால் திருமண வயது என்கிற விஷயமே மறந்துபோகிறது.

நிஜத்தில் வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இளவயது மாப்பிள்ளை ரகம்தான். பாகிஸ்தானின் 2017-18 மக்கள்தொகை நலக் கணக்கெடுப்பின்படி 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 18 பேருக்கு 18 வயதுக்குள் திருமணம் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் அது ஏறக்குறைய 13 பேர். இவர்கள் வீட்டிலெல்லாம் வில்லன்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறார், கண் மூடுவதற்குள் பார்க்க ஆசைப்படுகிறார். அக்கா கல்யாணத்தோடு இதையும் முடித்தால் ஒரே செலவு. பெண் யாருடனோ போனில் பேசுகிறாள், அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்! (கடைசிக் காரணம்தான் இப்போது எங்கள் பக்கம் அதிகம்.)

சரி, பையன் நல்லவனே என்று வைத்துக்கொள்வோம். அவன் நல்லவன் என்பதால் 15 வயது உடம்பில் கர்ப்பத்தின் ஆபத்து குறைவதில்லை. வலிப்பு, நோய்த்தொற்று போன்ற சிக்கல்கள் 20 முதல் 24 வயதுத் தாய்மாரைவிடப் பதின்வயதுத் தாய்மாருக்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவியுடன் கணவன் உறவு வைத்தாலும் அது பாலியல் வன்முறைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போகும் என்று பயந்து, கர்ப்பத்தை மறைத்து, கடைசி நேரத்தில் ஓடிவருகிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்த 'நல்ல பையன்' போக்சோ வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவனாக நிற்பான்.

தொடரில் பிரிவு சில காட்சிகளில் முடிந்துவிடுகிறது. சட்டத்தில் வெளியே வருவது அவ்வளவு எளிதல்ல, பாகிஸ்தானில் இன்னும் சிரமம். சிந்து மாகாணம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஆண், பெண் இருவருக்கும் திருமண வயது 18 என்று கொண்டுவந்தது. இஸ்லாமாபாத்துக்கு அது 2025 மே மாதம்தான் வந்தது, அதற்கும், சட்டங்கள் மார்க்கத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று அரசுக்கு ஆலோசனை சொல்கிற இஸ்லாமியக் கருத்தியல் மன்றம் எதிர்ப்புத் தெரிவித்தது. இத்தனைக்கும் குறைந்தபட்ச வயது வைப்பது மார்க்கத்துக்கு விரோதமில்லை என்று பாகிஸ்தானின் ஷரியத் நீதிமன்றமே 2021-இல் சொல்லியிருந்தது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 16 வயதுக்குள் தகப்பனோ காப்பாளரோ கட்டிவைத்த பெண், 18 ஆவதற்குள் அந்தத் திருமணத்தை மறுத்துவிடலாம். ஆனால் தாம்பத்திய உறவு நடந்திருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை! கர்ப்பமாகிவிட்ட ஆனி போன்ற பெண்ணுக்கு இந்தக் கதவு மூடிக்கொள்ளும், குலா, அதாவது மனைவி தானே கேட்டு வாங்குகிற மணமுறிவுக்காக நீதிமன்றம் போக வேண்டியதுதான்.

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் அந்த நிபந்தனை கிடையாது. இது தெரியாமல், 'குழந்தை வேறு பிறந்துவிட்டது, இனி விவாகரத்துதான் வழி' என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். குழந்தையாக இருந்தபோது கட்டிவைக்கப்பட்டவர், தனக்கு அது வேண்டாம் என்று மாவட்ட நீதிமன்றத்தில் அல்லது குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திருமணத்தையே ரத்து செய்யலாம். பெண்ணென்றால் 20 வயது நிறைவதற்குள் போட்டாக வேண்டும். இன்னும் 18 ஆகவில்லை என்றால் காப்பாளர் அல்லது நம்பிக்கைக்குரிய ஒருவர், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரோடு சேர்ந்து போடலாம். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலர்தான் அந்த அலுவலர். கல்யாணம் இன்னும் நடக்கவில்லை, பத்திரிகை அடித்துவிட்டார்கள் என்ற நிலையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், மாஜிஸ்திரேட் தடையுத்தரவு போட முடியும். அதை மீறித் தாலி கட்டினால் அந்தத் திருமணம் சட்டப்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது.

ரத்து என்றதும் பெற்றவர்கள் கேட்பது இரண்டு. குழந்தையின் கதி என்ன, பெண்ணுக்கு யார் சோறு போடுவது? குழந்தை சட்டப்பூர்வமான குழந்தைதான், ரத்தானாலும் அது மாறாது. மறுமணம் ஆகும்வரை பெண்ணுக்கு ஜீவனாம்சமும் தங்க இடமும் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். மாப்பிள்ளையே மைனர் என்றால் பணம் கட்ட வேண்டியவர் அவனுடைய பெற்றோர் அல்லது காப்பாளர்.