ஆபரேஷனுக்கு ஒரு கையெழுத்து, ஆராய்ச்சிக்கு இன்னொன்று

சித்திக்கு மார்பகக் கட்டி ஆபரேஷன். கோபியிலிருந்து கோயமுத்தூர் கூட்டி வந்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் நீட்டிய காகிதங்களில் ஒன்று, எடுக்கும் திசுவை ஆராய்ச்சிக்குச் சேமித்து வைக்கச் சம்மதமா என்று கேட்டது. “இதுல போடலீன்னா ஆப்ரேசன் பண்ண மாட்டாங்களா கண்ணு?” என்றார் சித்தி.

பண்ணுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி இது உங்கள் விருப்பம் மட்டுமே, மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது.

வெட்டி எடுத்த கட்டி முதலில் நோய் என்னவென்று பார்க்கும் லேபுக்குத்தான் போகும், அங்கே தேவையானதை மெழுகில் பதித்து நகத்தளவு வில்லையாக வைத்துக்கொள்வார்கள். மிச்சம் பயோபேங்குக்கு, அதாவது ஆராய்ச்சிக்காகத் திசுக்களைச் சேமித்து வைக்கும் வங்கிக்கு. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலோ, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலோ வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும், டப்பாவில் பெயருக்குப் பதில் ஒரு எண்தான் ஒட்டியிருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கியே இருக்கிறது. 480 மார்பகப் புற்றுத் திசுக்களின் மரபணு விவரத்தை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு எந்த மருந்து கேட்கும் என்று தெரிய நம் ஊர்த் திசுதானே வேண்டும், அதனால் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் படித்துவிட்டுக் கொடுங்கள்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? இந்த ஓர் ஆராய்ச்சிக்கு மட்டுமா, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மட்டுமா, வருங்காலத்தில் எதற்கும் பயன்படுத்தலாமா என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கலாம், இல்லாவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள். பரம்பரையாக வரும் கோளாறு ஏதாவது தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்வீர்களா என்றும் அவசியம் கேளுங்கள், மகள் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம். சித்திக்கு இரண்டு பெண்கள்.

திசுவுக்குச் சொந்தக்காரர் நீங்கள்தான், வங்கி காவல்காரர் மாதிரி. பின்னால் மனசு மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் அடையாள எண்ணையும் நீக்கிவிட்டால் உங்களுடையது எதுவென்று தேடிப் பிடிக்க முடியாது. கைநாட்டு வைப்பவர்களுக்கு ஆராய்ச்சிக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் சம்மதிக்கலாம், 18 வயதானதும் அந்தப் பிள்ளையிடம் மறுபடி கேட்க வேண்டும்.

அப்புறம், கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் ஒன்றை வாங்கி ஃபைலில் வையுங்கள். சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய எத்திக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு) நம்பர் அதில்தான் இருக்கும்.