ஒரு முறை சொன்னாலே புரிந்துகொள்ளும் குழந்தை, ஒரு முறை சறுக்கினால் ஏன் நொறுங்கிப் போகிறது?

ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தியை அழைத்துவந்த தாய், அவளுடைய கணக்கு நோட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு மாதங்களாகத் தேர்வு நாள் காலையில் மட்டும் அவளுக்கு வயிற்றுவலி வருகிறது என்றும், குழந்தை மருத்துவர் ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்றும் கூறினார். "அஞ்சாவது வரைக்கும் இவ உட்கார்ந்து படிச்சு நான் பார்த்ததே இல்ல மேடம். ஒரு தடவை சொன்னாப் போதும், பிடிச்சுக்குவா" என்றார். நோட்டைப் புரட்டினேன். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. அச்சடித்தது போன்ற கையெழுத்து. ஆனால் பின்னக் கணக்குகள் இருந்த பக்கங்களில் நான்கு இடங்களில், ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே ஓட்டையாகியிருந்தது. தவறாகப் போட்டது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று அந்தக் குழந்தை அவ்வளவு தூரம் பாடுபட்டிருக்கிறாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

குழந்தைகள் உளவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம், பள்ளிகளில் 'மீத்திறன் மாணவர்' என்று சொல்லப்படும் குழந்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். தொடக்கப் பள்ளியில் பாடம் அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. மற்றவர்கள் ஒரு மணி நேரம் செய்வதை இவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் மற்றப் பிள்ளைகள் புரியாததைத் திரும்பப் படிக்கவும், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும், தப்பாய்ப் போனதை அடித்துவிட்டு மறுபடி போடவும் பழகிக்கொள்கிறார்கள். இந்தக் குழந்தைக்கு அந்தப் பழக்கம் தேவைப்படவே இல்லை. பிறகு ஆறாம் வகுப்பிலோ, ஒன்பதிலோ, நம் ஊரில் பெரும்பாலும் பிளஸ் ஒன்னிலோ பாடம் திடீரென்று கடினமாகிறது. முதன்முறையாகத் திணறும் குழந்தை, திணறுவது கற்பதின் ஒரு பகுதி என்று அறியாததால், "நான் உண்மையில் அறிவாளி இல்லை போலிருக்கிறது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் அதுவரை அந்த ஒரு சொல்லாலேயே அழைக்கப்பட்ட குழந்தைக்கு அது சிறிய இழப்பு இல்லை.

இதைப் பற்றி கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வை நான் பெற்றோர்களிடம் விரிவாகவே சொல்வதுண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய புதிர்களைக் கொடுத்து, முடித்தவுடன் சிலரை "நீ அறிவாளி" என்றும் சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் ஒரே ஒரு வாக்கியத்தில் பாராட்டினார்கள். அடுத்து எல்லோரையும் திணற வைக்கும் கடினமான புதிர்களையும், அதன்பின் மறுபடியும் எளியவற்றையும் கொடுத்தார்கள். அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள் கடைசிச் சுற்றில், முதலில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். முன்பின் தெரியாத வேறொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது அதைக் கூட்டி எழுதியவர்களும் முதல் வகையினரிலேயே அதிகம். அந்த நோட்டில் இருந்த ஓட்டைகளும் இதே வகைப் பொய்தான். பயத்தில் சொன்ன பொய்.

பாராட்டும் சொல்லை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கருத்தை வைத்துப் பின்னாளில் பள்ளிகளில் நடத்தப்பட்ட பயிற்சிகள் தந்த பலன் சராசரியில் சிறியதே. அதோடு, ஐந்து நிமிடத்தில் விளையாட்டாக முடித்த வீட்டுப்பாடத்துக்கு "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாய்!" என்று சொன்னால், அது உண்மையில்லை என்று குழந்தைக்கே தெரியும். "இதை எப்படிப் போட்டாய்? வேறு வழி ஏதாவது தோன்றியதா?" என்று கேட்டுவிட்டு, அது சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எந்தப் பாராட்டையும்விட நல்லது.

நம் வீடுகளில் மேதை என்றால் ராமானுஜனைச் சொல்கிறோம். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு 1913-இல் அவர் கடிதம் எழுதியதைச் சொல்கிறோம். கணக்கிலேயே மூழ்கியிருந்ததால் மற்றப் பாடங்களில் தவறி, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததையும், 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டதையும், பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தவறியதையும் விட்டுவிடுகிறோம். வீட்டை விட்டுப் போனபோது அவருக்கு வயது 17. அந்த எட்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த தவறு, வேலையைக் கூட்டுவது. பத்துக் கணக்கை விரைவில் முடித்த குழந்தைக்கு இன்னும் பத்துக் கணக்கு, அபாகஸ், இந்தித் தேர்வு, ஆறாம் வகுப்பிலேயே நீட் வகுப்பு என்று அடுக்கினால், சீக்கிரம் முடிப்பதற்குத் தண்டனை கிடைக்கிறது என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும். இக்குழந்தைகளுக்குத் தேவைப்படுவது உடனே விடை கிடைக்காத ஒரே ஒரு கணக்கு. கணித ஒலிம்பியாட்டின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தச் சிறுமிக்கு நான் கொடுத்தது பழைய புதிர் ஒன்று. வரிசையாக நூறு கதவுகள் மூடியிருக்கின்றன. முதல் ஆள் எல்லாவற்றையும் திறந்துகொண்டே போகிறார். இரண்டாவது ஆள் 2, 4, 6 என்று ஒன்றுவிட்டு ஒன்றை மூடுகிறார். மூன்றாவது ஆள் 3, 6, 9 என்று போய், திறந்திருப்பதை மூடி, மூடியிருப்பதைத் திறக்கிறார். இப்படியே நூறு பேரும் போனபின் எந்தெந்தக் கதவுகள் திறந்திருக்கும்? இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். இரண்டு வாரம் அவகாசம். வீட்டில் யாரும் விடையைத் தேடிச் சொல்லக் கூடாது.

அறிவு வளரும் வேகத்தில் மனம் வளர்வதில்லை என்பதையும் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். விண்மீன்கள் எப்படி அழிகின்றன என்று இரவு பத்து மணிக்கு விளக்கும் ஒன்பது வயதுப் பையன், மறுநாள் ஜாமெட்ரி பாக்ஸ் தொலைந்ததற்குத் தேம்பி அழுவான். "இவ்வளவு தெரியுது, இதுக்குப் போய் அழறியா?" என்ற கேள்வி அவனை மிகவும் புண்படுத்தும், அவன் அழுவது ஒன்பது வயதுப் பிள்ளையாக. தூக்கமும் தெரு விளையாட்டும் மற்றப் பிள்ளைகளைப் போலவே இவனுக்கும் வேண்டும்.

ஐ.க்யூ. எவ்வளவு என்று கேட்டே பலர் வருகிறார்கள். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-இல் தொடங்கி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதனை மூலம் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து கவனித்தார். அந்தச் சோதனையில் தேறாமல் விடப்பட்ட ஷாக்லி, அல்வாரெஸ் ஆகிய இருவரும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவரும் பெறவில்லை. வாயால் சொல்லும்போது பளிச்சென்று இருந்து, எழுத்தில் மட்டும் மிகவும் பின்தங்கும் குழந்தைக்கு டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சோதனை உதவும். மற்றபடி அந்த எண்ணைக் குழந்தையின் காதில் போடாதீர்கள். வயிற்றுவலி, தலைவலி, தூக்கமின்மை தொடர்ந்தாலோ, "நான் இருந்து என்ன பயன்" என்ற வகைப் பேச்சு ஒரு முறை வந்தாலோ, தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைத்து வாருங்கள். அரசின் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

அந்தச் சிறுமியின் தந்தை இருசக்கர வாகன மெக்கானிக். "எனக்குப் படிப்பு வராது மேடம், நான் என்ன சொல்லித்தர முடியும்?" என்று தயங்கி நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கடையில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டேன். பெரியவர்கள் திணறி நின்று, பிறகு வழி கண்டுபிடிப்பதை அவள் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

அடுத்த முறை வந்தபோது அவள்தான் முதலில் பேசினாள். ஒரு பழைய ஸ்கூட்டர் கிளம்பவே இல்லையாம். அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டாராம், கிளம்பவில்லை. பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தாராம், வந்தது. கார்புரேட்டரைக் கழற்றியபோதுதான் ஜெட்டில் தூசி அடைத்திருந்தது தெரிந்ததாம். "ரெண்டு தடவை தப்பாத்தான் நினைச்சார். ஆனா திட்டவே இல்ல, யாரையும்" என்றாள்.

பிறகு நோட்டைக் கொடுத்தாள். நீல மையில் ஐந்து வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. 10 கதவுகளுக்கு மட்டும் படம் போட்டு 1, 4, 9 என்று கண்டுபிடித்து, அடுத்த பக்கத்தில் 20 கதவுகளுக்குப் போட்டு 16-ஐயும் சேர்த்திருந்தாள். அதற்குக் கீழே "அடுத்தது 25ஆ?" என்று எழுதி, பக்கத்தில் "ஏன்?" என்று ஒரு கேள்வி. விடை இன்னும் வரவில்லை, இன்னொரு வாரம் வேண்டும் என்றாள்.