கழுத்துத் தடிப்புக்கு எந்த சென்ட் காரணம்?

கழுத்தின் இரு பக்கமும் சிவந்து, செதில் செதிலாக உரிய, கைப்பையில் இரண்டு பாட்டில்களோடு வந்திருந்தார் அந்தப் பெண்மணி. ஒன்று அண்ணன் துபாயிலிருந்து வாங்கி வந்த புகழ்பெற்ற பிரெஞ்சுப் பூ வாசனை. மற்றது, "அதே வாசனை, 400 ரூபாய்தான்" என்று கடைக்காரர் தலையில் கட்டியது.

"ஒரிஜினலை ரெண்டு வருஷமா போடறேன் டாக்டர், ஒண்ணும் ஆகலை. இதைப் போட ஆரம்பிச்சு பத்து நாள்தான் ஆச்சு."

தீர்ப்பை அவரே எழுதிவிட்டார்!

விலை வித்தியாசம் எங்கே இருக்கிறது? 1921இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய ஷனேல் நம்பர் 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தென் பிரான்சின் கிராஸ் ஊர் மல்லிகையும் மே மாத ரோஜாவும் அதில் உண்டு. கூடவே ஆய்வகத்தில் செய்த ஆல்டிஹைடுகள் என்ற வாசனை வேதிப்பொருள்களும். ஒரு கிலோ மல்லிகைச் சாறுக்குப் பல நூறு கிலோ பூவைக் கையால் பறிக்க வேண்டும். மலிவான நகல்களில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பென்சைல் அசிடேட் போன்ற வேதிப்பொருள்கள் பிடித்துக்கொள்கின்றன. மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். தோலுக்கு விலை தெரியாது. ரோஜா எண்ணெயில் ஜெரனியால் இருக்கிறது, மல்லிகையில் யூஜினால் (கிராம்பு மணப்பதும் இதனால்தான்). இரண்டும் ஒவ்வாமை தரக்கூடியவை.

இந்த ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், உடல் சத்தமில்லாமல் கணக்கு வைத்துக்கொண்டே வரும். கடைசியாகப் போட்ட பாட்டில்தான் பழியைச் சுமக்கும்.

எது ஒவ்வாமை தருகிறது என்று பார்க்க, சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிவைக்கும் பேட்ச் டெஸ்டை முதுகில் ஒட்டினோம். 48 மணி நேரம் கழித்து எடுத்து, நான்காம் நாள் மறுபடி பார்த்தபோது வாசனைக் கலவை ஒட்டிய இடம் தடித்திருந்தது. அந்தக் கலவையில் 8 பொருள்கள். பிரெஞ்சுப் பெட்டியில் அவற்றில் இரண்டின் பெயர் இருந்தது. முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 400 ரூபாய்ப் பெட்டியில் "ஆல்கஹால், பெர்ஃப்யூம்" என்பதோடு சரி. மலிவு என்பதற்காக நான் சண்டை போடுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றே சொல்லாததுதான் என் கோபம்.

வெயில் படும் ஜன்னலோரம் வருடக்கணக்கில் கிடக்கும் பாட்டிலையும் தோலில் தடவாதீர்கள். அதிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமை தரும் வீரியம் கூடும். கடையில் மணிக்கட்டில் அடித்துப் பார்ப்பது வாசனைக்குத்தான் உதவும். புதிதாக வாங்கியதை முழங்கை மடிப்பில் தினம் இருவேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உறுதியானவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்த முறை வந்தபோது கழுத்து தெளிந்திருந்தது. பாட்டிலை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டாராம்.

"எதை?"

"ரெண்டையும்தான் டாக்டர்."