சீனியர் டீம் எப்போது கிடைக்கும்? அசாகோ தகாகுராவைப் பாருங்கள்

கால்பந்துப் பயிற்சியாளர் உரிம வகுப்புக்கு வரும் முன்னாள் வீராங்கனைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "சீனியர் டீம் எப்போ சார் குடுப்பாங்க?" இத்தனை வருஷம் ஆடிவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டவா என்ற ஆதங்கம் அது. அவர்களுக்கு ஜப்பானின் அசாகோ தகாகுராவைத்தான் காட்டுவேன்.

ஃபுகுஷிமாக்காரர். 16 வயதில், 1984-இல், நாட்டுக்காக ஆடிய நடுக்கள வீராங்கனை. பெண்களின் முதல் உலகக் கோப்பையில் (1991) அவர் இருந்த அணி மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஒரு கோல்கூட இல்லை, ஸ்வீடனிடம் 0-8. அடுத்த உலகக் கோப்பையில் பிரேசிலை வென்று காலிறுதிக்குப் போனார்கள். 90-களின் கடைசியில் ஜப்பானின் பொருளாதாரம் படுத்ததும் நிறுவனங்கள் பெண்கள் அணிகளைக் கலைத்தன. ஆடுபவருக்கே சோறு போடாத விளையாட்டில் பயிற்சியாளர் வேலையை நம்பி யார் இறங்குவார்?

தகாகுரா இறங்கினார், அதுவும் சிறுமிகள் அணிகளில். 2014-இல் கோஸ்டா ரிகாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அவர் கையில். இறுதியில் ஸ்பெயினை 2-0 என வென்றார்கள். ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் ஜப்பானின் சீனியர் பெண்கள் அணி தடுமாறிய 2016-இல் அதற்குப் பயிற்சியாளராக அவரை அழைத்தார்கள். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண். அப்போதும் இளையோரை விடவில்லை. அதே ஆண்டு கடைசியில் 20 வயதுக்குட்பட்டோர் அணியைப் பப்புவா நியூ கினிக்கு அழைத்துப்போய் மூன்றாமிடம் பிடித்தார்.

இளையோர் அணியில் பெண்ணின் வேகம், பயம், கோபம் எல்லாம் பயிற்சியாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். 2019 உலகக் கோப்பையில் நெதர்லாந்து முந்தியபோது ஜப்பானுக்குச் சமன் செய்த யுய் ஹசெகாவா, கோஸ்டா ரிகாவில் ஆடிய அதே பெண். கடைசி நிமிடங்களில் ஜப்பான் வீராங்கனை ஒருவரின் கையில் பந்து பட்டுப் பெனால்டி, 1-2, வெளியே. அதற்கு எந்தப் பயிற்சியாளர் என்ன செய்ய முடியும்?

2018-இல் ஆசியக் கோப்பை, ஆசிய விளையாட்டுத் தங்கம் இரண்டும் அவருடையவை. 2021-இல் சொந்த மண்ணில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதியில் ஸ்வீடனிடம் 1-3, பதவி விலகினார். ஆட்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில் நிலையான பதினொருவரை அமைக்கத் தாமதித்தார் என்பது என் கணிப்பு. உடனே சிலர் "பொம்பளை கோச்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சொந்த மண்ணில் தோற்று வேலையை விட்ட ஆண் பயிற்சியாளர்களை எண்ணிப் பார்த்துவிட்டு அதைப் பேசலாம்.

அவருக்குப் பின் வந்த ஃபுடோஷி இகெடா ஆண்தான். அவரும் 2018-இல் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையை வென்று கொடுத்துவிட்டே சீனியர் அணிக்கு வந்தார். ஆகவே உரிமம் கைக்கு வந்ததும் பெரிய அணிக்கு விண்ணப்பம் எழுதாதீர்கள். பக்கத்து மைதானத்தில் 13 வயதுப் பெண்கள் அணி இருந்தால், அதைக் கேட்டு வாங்குங்கள்.